புள்ளி மறைந்தால் பெயர் மாறும்: அட்டை, பக்க வடிவமைப்பு கேள்வி - பதில்

அட்டை, பக்க வடிவமைப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரி ஆண்டு மலரின் அட்டையில் தாளாளர், முதல்வர், கட்டடம், விளையாட்டு விழா என ஒன்பது படங்களைச் சேர்த்தோம். எதுவுமே எடுபடவில்லை. என்ன செய்யலாம்?
- மலர்க் குழு மாணவியர், திருநெல்வேலி

ஒன்பதில் எட்டை எடுத்துவிடுங்கள். தாளாளர், முதல்வர் படங்களுக்கு உரிய இடம் அவர்களுடைய வாழ்த்துச் செய்தி வரும் பக்கம். அட்டையின் மூலையில் ஸ்டாம்பு அளவுக்குச் சுருங்கி நிற்பதைவிட, உள்ளே கால் பக்க அளவில் தெளிவாக இருப்பதுதான் மரியாதை. இப்படி எடுத்துச் சொன்னால் நிர்வாகம் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும்.

மிஞ்சும் ஒரு படம் கட்டடமாக இல்லாமல் முகமாக இருக்கட்டும், கண்கள் வாசகரை நேராகப் பார்க்கட்டும். புகைப்படக்காரரிடம் கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல், படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமோ சுவரோ இருக்க வேண்டும். மலரின் பெயர் உட்காரப் போவது அங்கேதான். படுக்கை வாட்டத்தில் எடுத்த படத்தை அட்டைக்கு இழுக்கும்போது தலை மேல் விளிம்பில் முட்டும், பெயர் நெற்றியில் ஏறும். அதற்குப் பிறகு எவ்வளவு மெனக்கெட்டாலும் அந்த அட்டை தேறாது.

படத்தில் இருப்பவரின் தலை, இதழின் பெயரைக் கொஞ்சம் மறைப்பதுபோல வைக்கும் வழக்கம் ஆங்கில இதழ்களில் உண்டு. அங்கே எழுத்து பாதி மறைந்தாலும் வாசித்துவிடலாம். தமிழில் எழுத்தின் அடையாளம் பெரும்பாலும் மேலும் கீழும்தான் இருக்கிறது. 'மலர்' என்பதில் கடைசிப் புள்ளியைத் தலைமுடி மறைத்தால் அது 'மலர' ஆகிவிடும். 'கல்லூரி'யில் கொக்கி மறைந்தால் 'கல்லூர'. தலை பெயருக்கு முன்னால் வந்தே ஆகவேண்டும் என்றால், மேலே எதுவும் இல்லாத எழுத்தின் பக்கம் படத்தை நகர்த்துங்கள். 'மலர்' என்றால் 'ம', 'ல' இரண்டுக்கும் நடுவே வரலாம்.

அட்டை வரிகள், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் சொல்லும் வரிகள், மூன்று போதும். ஒவ்வொன்றும் நான்கைந்து சொல்லைத் தாண்ட வேண்டாம். வெளிக்கோடு, நிழல், பலநிறக் கலவை மூன்றையும் ஒரே எழுத்துக்குக் கொடுப்பது நம் அட்டைகளைப் பிடித்த பெரிய நோய். வெளிக்கோடு தடித்தால் 'ண', 'ஞ', 'ஐ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. எழுத்துக்கு நிறம் வேண்டுமென்றால் படத்திலிருந்தே எடுங்கள். புடவைக் கரையிலோ பின்சுவரிலோ இருக்கும் நிறமே போதும்.

முடித்ததும் ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி எட்டடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு அதே அட்டையை 3 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி செல்போனில் பாருங்கள். இரண்டிலும் பெயர் படிக்க வந்தால் அட்டை தயார். ஆனந்த விகடனுக்காகக் கோபுலு வரைந்த பழைய அட்டைகள் கிடைத்தால் மேசையில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காட்சியை வைத்துக்கொண்டு அட்டை முழுவதையும் எப்படி ஆள முடியும் என்பதை அவற்றில் நன்றாகக் கற்கலாம்.

பல ஆண்டுகளாக பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய ஃபாண்ட் வைத்து எங்கள் சிற்றிதழைச் செய்துவந்தோம். இப்போது இன்டிசைன் மென்பொருள், யூனிகோடு எழுத்துமுறை. 'கொ', 'தெ' எல்லாம் உடைந்து, கொம்பு தனியாக நிற்கிறது. ஃபாண்டில் குறையா?
- சிற்றிதழ் ஆசிரியர், கோவை

பெரும்பாலும் ஃபாண்டில் குறை இருக்காது. இன்டிசைனில் வரிகளைக் கோக்கும் கம்போசர் இரண்டு வகை. சாதாரணக் கம்போசருக்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கட்டத் தெரியாது. பத்தியைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைச் சொடுக்குங்கள். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குள்ளும் இதே தேர்வு உண்டு. அங்கே மாற்றிவிட்டால் இதழ் முழுவதும் சரியாகும். ஃபைல் எதுவும் திறக்காத நிலையில் ஒரு முறை மாற்றிவைத்தால், அடுத்து தொடங்கும் எல்லா ஃபைலுக்கும் அதுவே இயல்பாக அமையும்.

பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தனியாகப் பாருங்கள். மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழ் என்றே எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். 'ஸ்ரீ', மேற்கோள் குறி, அடைப்புக்குறி மூன்றும் அடிக்கடி பிசகும் இடங்கள்.

பழைய ஃபாண்டிலேயே தொடர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் 'கொ' என்பது கணினிக்கு மூன்று தனித்தனி எழுத்து. வரி நிரம்பினால் கொம்பு இந்த வரியிலும் 'க' அடுத்த வரியிலும் போய் விழலாம். எழுத்திடைவெளியைக் கூட்டினால் மூன்றும் விலகி நிற்கும். ஒவ்வொரு வரியின் முடிவையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கள் இதழ் ஏ4 அளவு. 9 பாயிண்ட் எழுத்து, பக்கத்துக்கு மூன்று பத்தி (காலம்), இரு பக்கமும் சீராக்கி வைக்கிறோம். படிக்கக் கண் வலிக்கிறது என்கிறார்கள். தாளை மாற்ற வேண்டுமா?
- மாத இதழ் வடிவமைப்பாளர், மதுரை

தாளை விடுங்கள், பத்தியைப் பாருங்கள். இரு ஓரமும் 15 மி.மீ. விட்டு, பத்திக்கு நடுவே 5 மி.மீ. கொடுத்தால் மூன்று பத்தியில் ஒவ்வொன்றும் 57 மி.மீ.கூட வராது. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்து நீளமாகப் போகும். அந்த அகலத்தில் வரிக்கு மூன்று, நான்கு சொல்தான் பிடிக்கும். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு' போல ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், மீதியிருக்கும் இரண்டு சொல்லை இழுத்து வரியை நிரப்ப வேண்டியிருக்கும். நடுவில் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போது பக்கத்தில் வெள்ளை வாய்க்கால் ஓடும். வாசகரின் கண் அதில்தான் வழுக்குகிறது.

இரண்டு பத்தியாக்கினால் ஒவ்வொன்றும் 87.5 மி.மீ. கிடைக்கும். கட்டுரை, கதைக்கு அதுவே நல்ல அகலம். துணுக்குகளுக்கு மூன்று பத்தி வேண்டுமென்றால் இடப்பக்கம் மட்டும் சீராக்கி வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். சொல்லை உடைத்தே ஆகவேண்டிய இடத்தில் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. 'வந்தார்க' ஒரு வரியிலும் 'ள்' அடுத்த வரியிலும் வருவதைவிட, வரி கொஞ்சம் தளர்வாக இருப்பது மேல்.

அடுத்தது லீடிங், அதாவது வரிக்கு வரி இருக்கும் தூரம். இன்டிசைன் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேல் வரியில் 'மூழ்கும்' இருந்து, நேர் கீழே 'நீர்ப்பிடிப்பு' வந்தால், 'மூ'வின் அடிச்சுழி 'நீ'யின் மேல்கொக்கியில் போய் இடிக்கும். 140 முதல் 150 சதவீதம் கொடுங்கள். 10.5 பாயிண்ட் எழுத்துக்கு 15 பாயிண்ட் லீடிங் சரியாக வரும். ஏ4 பக்கத்தில் மேலே 18, கீழே 25 மி.மீ. விட்டால் நடுவில் 254 மி.மீ. இருக்கும். 15 பாயிண்ட் வீதம் அதில் சரியாக 48 வரி. வரிகள் உட்காரும் வழிகாட்டிக் கோடுகளான பேஸ்லைன் கிரிடையும் அதே 15 பாயிண்டுக்கு வைத்து எழுத்தை அதில் பூட்டிவிட்டால், பக்கத்துப் பத்திகளின் வரிகள் ஒரே கோட்டில் நிற்கும்.

ஒரே பாயிண்டில் இரண்டு தமிழ் ஃபாண்டுகள் வேறு வேறு உயரத்தில் தெரியும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், அச்சேறப் போகும் தாளிலேயே ஒரு பக்கம் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் மங்கிவிட்டது. கறுப்பு எழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு நிழலும் தெரிகிறது. அச்சகத்தின் தவறா?
- கோயில் கும்பாபிஷேக மலர்க் குழு, தஞ்சாவூர்

அச்சகத்தைக் கேட்பதற்கு முன் ஃபைலைப் பாருங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால். பளீர் நீலம், கிளிப்பச்சை, ஆரஞ்சு ஆகியவை திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலிருந்து அச்சுக்கான சிஎம்ஒய்கேக்கு வரும்போது அடங்கித்தான் போகும். மாற்றத்தைக் கடைசி நாளில் செய்யாமல் தொடக்கத்திலேயே செய்துவிட்டால், பார்த்துப் பார்த்துத் திருத்த நேரம் இருக்கும்.

எழுத்தைச் சுற்றிய நிழலுக்குக் காரணம், கறுப்பு நான்கு மையிலும் கலந்து வந்திருப்பது. ஒரு மைக்கான அச்சுத் தகடு (ப்ளேட்) இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். வேர்டிலிருந்து ஒட்டிய எழுத்திலும் ஃபோட்டோஷாப்பில் அடித்த எழுத்திலும் இது அதிகம். இன்டிசைனில், ஒவ்வொரு மையையும் தனியாகக் காட்டும் செபரேஷன்ஸ் பிரிவியூவைத் திறந்து, கறுப்பை மட்டும் அணையுங்கள். எழுத்து இன்னும் தெரிந்தால் அது கலப்புக் கறுப்பு. உள்பக்க எழுத்து முழுக்க கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று இருக்க வேண்டும். படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்தாலும் இதே நகர்வு தொல்லை தரும். மெல்லிய கோடுகள் மையில் மூழ்கிவிடும், புள்ளிகள் முதலில் காணாமல் போகும். 11 பாயிண்டுக்குக் குறையாத தடித்த எழுத்தாக வையுங்கள்.

படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தவையா? சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு வந்துவிடுகிறது. 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால், அது 13.5 செ.மீ. மட்டுமே. ஏ4 அட்டைக்கு, நான்கு பக்கமும் வெட்டிப்போகும் 3 மி.மீ.யும் சேர்த்து 2551 x 3579 பிக்சல் தேவை. ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மாற்றிப் பெரிதாக்கினால் பிக்சல்தான் கூடும், விவரம் கூடாது. படம் எடுத்தவரிடம் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி மூலப் படத்தை வாங்குங்கள்.

அச்சடித்து வந்த புத்தகத்தில் பக்க எண்கள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. முதுகில் போட்ட பெயரும் அட்டைக்கு நழுவிவிட்டது. எப்படித் தவிர்ப்பது?
- பள்ளி ஆசிரியர், ஈரோடு

கட்டிங் மெஷினில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆவது சகஜம். விளிம்பு வரை போகும் படமும் நிறமும் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும். எழுத்தும் பக்க எண்ணும் விளிம்பிலிருந்து குறைந்தது 8 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். மடிக்கும்போது உள்தாள்கள் வெளியே பிதுங்கும், பிதுங்கியதை மெஷின் வெட்டும். அதனால் தடித்த புத்தகத்தின் நடுப்பக்கங்களில் வெளி ஓரத்தை இன்னும் 2 மி.மீ. கூட்டுங்கள்.

முதுகின் அகலத்தை இப்படிக் கணக்கிடலாம். 64 பக்கம் என்றால் 32 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ., ஆகவே 3.2 மி.மீ. அட்டை இரண்டு பக்கமும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் அளவில் கூட்டும். நான்கு மில்லிமீட்டர்கூட இல்லாத முதுகில் பெயர் போட்டால் நழுவத்தான் செய்யும். அந்த முதுகை ஒரே நிறமாக விட்டு, அதே நிறத்தை முன்னும் பின்னும் சில மி.மீ. தொடரவிடுங்கள், நழுவினாலும் தெரியாது. 5 மி.மீ.க்கு மேல் வந்தால் பெயர் போடலாம். அதற்கு முன், அச்சடிக்கப் போகும் அதே தாளில் எழுத்தில்லாத ஒரு டம்மி புத்தகம் கட்டித் தரும்படி அச்சகத்தில் கேளுங்கள். அதன் முதுகை ஸ்கேல் வைத்து அளந்த பிறகு அட்டை ஃபைலைத் தொடங்குங்கள்.