மணி சிறுத்தால் உலோகம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: உலோகத்துக்குள் அணுக்கள் ஒரே திசையில் அடுக்கியிருக்கும் சிறு துகளான படிகமணி சிறியதானால் வலிமை கூடுவது எப்படி?

உலோகம் நிரந்தரமாக வளைவதற்கு, அணு அடுக்கில் கோடுபோல ஓடும் குறைகளான இடப்பிறழ்வுகள் நகர வேண்டும். மணி எல்லைக்கு அப்பால் அணு அடுக்கின் திசை வேறு. அங்கே இடப்பிறழ்வுகள் முட்டி நிற்கும். 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்ற ஆய்வாளர்கள் இதை விதியாக்கினார்கள்: வலிமையில் எல்லைகள் தரும் பங்கு, மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். விட்டம் 100 மைக்ரானிலிருந்து 1 மைக்ரானுக்கு இறங்கினால் அந்தப் பங்கு 10 மடங்காகும்.

கேள்வி: என்னிடம் இரண்டு அலுமினியத் துண்டுகள். இரண்டிலும் சராசரி மணி 0.5 மைக்ரான், வலிமை மட்டும் வேறு. அளந்ததில் பிழையா?

பிழை இருக்க வேண்டியதில்லை. சராசரி விட்டத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்வதுதான் இத்துறையில் என்னை மிகவும் வருத்தும் பழக்கம். எல்லை எப்படிப்பட்டது என்று பாருங்கள். இருபுறத் திசைவேறுபாடு 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், அந்த எல்லையே இடப்பிறழ்வுகள் அடுக்கிய ஒரு சுவர்தான். 15 டிகிரிக்கு மேற்பட்ட பெருங்கோண எல்லை அளவுக்கு அது தடுக்காது. மணியைச் சிறிதாக்க, வளைந்த துளையுள்ள கோண அச்சுக்குள் ஓரிரு முறை மட்டும் அழுத்தித் தள்ளிய துண்டில் இத்தகைய சிறுகோண எல்லைகள் ஏராளம். மேலும் அழுத்த அழுத்தப் பெருங்கோண எல்லைகள் பெருகும். மணிக்குள் மிஞ்சியிருக்கும் இடப்பிறழ்வுகளும் தனியாக வலிமை சேர்க்கும். உருட்டிய தகடென்றால் மணிகள் நீண்டு தட்டையாகியிருக்கும். எந்தத் திசையில் இழுத்தீர்கள் என்பதும் கணக்கில் வரும்.

கேள்வி: அந்த நுண்மணித் துண்டை லேசாகச் சூடாக்கினேன். மென்மையாவதற்குப் பதில் வலிமை கூடிவிட்டது!

அருமையான கவனிப்பு. 2006-இல் ஹுவாங், ஹான்சன், ட்சுஜி என்ற ஆய்வாளர்கள் மூவரும் நுண்மணி அலுமினியத்தில் இதையே காட்டினார்கள். மிதமான சூட்டில், எளிதில் நகரக்கூடிய இடப்பிறழ்வுகள் எல்லைகளில் கரைந்துவிடுகின்றன. அடுத்த முறை இழுக்கும்போது புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் விசை தேவை. பிறகு சிறிதளவு உருட்டினால் வலிமை இறங்கி, நீளும் தன்மை திரும்புகிறது. சாதாரண உலோகத்துக்கு நேர் எதிர்.

கேள்வி: நுண்மணித் துண்டை இழுத்ததும் ஓரிடம் மட்டும் மெலிந்து கழுத்து விழுவது ஏன்?

எல்லைகள் மிக அருகில் இருப்பதால் இடப்பிறழ்வுகளை விழுங்கிவிடுகின்றன. அவை உள்ளே சேராததால், நீள நீள இறுகும் குணம் போய்விடுகிறது. மெலிந்த இடமே மேலும் மெலிகிறது. நுண்மணிகளுக்கிடையே சில பெரிய மணிகளை வளரவிடுவது நல்ல வழி.

கேள்வி: இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா?

சுமார் 10 முதல் 20 நானோமீட்டர் வரை. அதற்குக் கீழே எல்லைகளே வழுக்கத் தொடங்கும், உலோகத்தின் வலிமை குறையும்.