இடுப்பு ஆபரேஷன் செய்தால் பாட்டுக் குரல் போய்விடுமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். வயது 52. உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர். இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கிறது, எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதியில் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது, கோயமுத்தூரில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார். ஆனால் ஊரில், "முதுகுல கத்தி வெச்சா அடிவயித்துக் குரல் எந்திரிக்காதுங்க" என்று பயமுறுத்துகிறார்களாம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஏனென்றால் அண்ணா, உங்கள் குரலுக்கு அருகே வருவது முதுகில் வைக்கிற கத்தி இல்லை, நாங்கள் தொண்டைக்குள் விடுகிற குழாய்தான்.

முதலில் குரலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உடுக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதிர்வது தோல், அந்த ஒலியைத் திரட்டிக் கொடுப்பது உள்ளே இருக்கிற வெற்றிடம். குரல்வளையில் இருக்கிற குரல் நாண்கள் அந்தத் தோல் மாதிரி, அவற்றுக்கு மேலே உதடு வரைக்குமான தொண்டை, வாய் எல்லாம் (ஆண்களுக்கு ஏறக்குறைய 17 செ.மீ. நீளம்) அந்த வெற்றிடம் மாதிரி. சுவீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஆராய்ந்து காட்டியது இது: மைக் இல்லாமல் பெரிய வாத்தியக் குழுவையும் தாண்டிக் கேட்கிற ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 3000 அதிர்வு) பக்கத்தில் தனியாக ஒரு வலு சேர்கிறது, அந்த வலு குரல்வளைக்குச் சற்று மேலே உருவாகிறது. இடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடிவயிறு தருவது மூச்சின் அழுத்தத்தை. அது முக்கியம்தான், ஆனால் இந்த ஆபரேஷனில் வழக்கமாக முதுகுப் பக்கம் சிறிதாகக் கீறி அங்குள்ள தசையைத்தான் ஒதுக்குவார்கள், வயிற்றுத் தசையைத் தொடுவதில்லை. குரல் நாணை இயக்கும் நரம்பும் கழுத்து, நெஞ்சு வழியாகப் போகிறது, இடுப்புப் பக்கம் வருவதே இல்லை.

சரி, ஆபரேஷன் வேண்டுமா?

ஸ்கேன் தாளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015ல் வந்த ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. உங்களுக்குக் கால் வலியும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றன என்பதால்தான் டாக்டர் அப்படிச் சொல்கிறார், அது நியாயம். ஆனால் அவசரமா என்பது வேறு கேள்வி. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால் வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபாதிக்கு மாத்திரை, பிசியோதெரபி என்று பொறுத்துப் பார்த்தார்கள் (2007ல் வெளியானது). ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் வலி தாங்காமல் ஆபரேஷனுக்குப் போயிருந்தாலும் மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆக, வலி தாங்கும்படி இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தும் வந்தால் இன்னும் சில வாரம் பார்க்கலாம். தூங்கவும் முடியவில்லை, பிழைப்பும் போகிறது என்றால் செய்துகொள்ளலாம், தப்பே இல்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும், இது கால் வலிக்கான ஆபரேஷன். வெறும் இடுப்பு வலி இதில் போய்விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பொறுக்கவே கூடாத நிலையும் உண்டு. குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கி நடக்க முடியாமல் பாதம் தொங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் முதுகில் மிதிக்க விடாதீர்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால், முந்தின நாள் பார்க்க வருகிற மயக்க டாக்டரிடம் "நான் பாட்டுக்காரன், குரல்தான் பிழைப்பு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பல பேர் சொல்வதே இல்லை, எங்களுக்கு எப்படித் தெரியும்? குப்புறப் படுக்கவைத்துச் செய்வதால் பெரும்பாலும் முழு மயக்கமும் தொண்டைக்குழாயும்தான். ஒரே டிஸ்க் என்றால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கிற முதுகுத்தண்டு ஊசியிலேயே செய்ய வாய்ப்பு உண்டு, அது முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், கொஞ்சம் சின்னக் குழாய் போடலாமா, குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பையின் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். அது 20 முதல் 30 செ.மீ. தண்ணீர் அழுத்தத்துக்குள் இருப்பது நல்லது. இப்படிக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார், நானாக இருந்தால் சந்தோஷப்படுவேன்.

விழித்ததும் தொண்டை கரகரக்கும், குரல் கம்மும். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். அதுவரை உரக்கப் பேசாதீர்கள், திரும்பத் திரும்பத் தொண்டையைச் செருமாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். குசுகுசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பதும் தப்பு, மெதுவாகச் சாதாரணமாகப் பேசினாலே போதும். இரண்டு வாரம் தாண்டியும் கம்மல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் கேமரா விட்டுக் குரல் நாணைப் பார்த்துவிடுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

அப்புறம் மேடை. எட்டுக்கட்டையில் எடுக்கும்போது வயிற்றை இறுக்குவீர்கள், அந்த அழுத்தம் முதுகுக்கும் போகும், அதனால் முதல் சில வாரம் தாழ்ந்த சுருதியில் முணுமுணுப்பதோடு நிறுத்துங்கள். விடிய விடியச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. எப்போது தொடங்கலாம் என்று ஆபரேஷன் செய்தவரிடமே கேளுங்கள். தொடங்கும்போதும் நாற்காலி போட்டுக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, துணைப்பாட்டுக்காரரிடம் கொஞ்ச நேரம் கதையை விட்டுக்கொடுத்துப் பாடுங்கள்.