அம்மிச்சி காலத்தில் சாவு குறைவா?

அன்புள்ள ஐயா,

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு மாமா கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார். கோயமுத்தூர் மாவட்டத்தில் ஒரு வருசத்தில் பதிவான பெண்களின் இறப்பை அங்குள்ள பெண்களின் தொகையால் வகுத்தால், முப்பது வருசத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது கூடுதலாக வருகிறதாம். களியும் கம்பஞ்சோறும் தின்ற காலத்தில் பெண்கள் திடமாக இருந்தார்கள், ஆஸ்பத்திரிகள் பெருகியதும் சாவும் பெருகிவிட்டது என்று முடித்திருந்தார். என் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) 94 வயதுவரை இருந்தவர்தான். எங்கோ தப்பு இருப்பதாகத் தோன்றுகிறது, எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

த., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள த. அவர்களுக்கு,

மாமா வகுத்ததில் பிழை இருக்காது. எதை எதால் வகுத்தார் என்பதில்தான் சிக்கல்.

இறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். நம் பக்கம் கொஞ்சம் முற்றிய நோய் என்றாலே "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருக்காங்க" என்பார்கள். சத்தியமங்கலத்து அம்மாள் ஒருவர் கோவை ஆஸ்பத்திரியில் கண் மூடினால், அவர் சாவு கோவைக் கணக்கில் ஏறும். வகுக்கிற மக்கள்தொகையிலோ அவர் ஈரோடு மாவட்டம். அப்புறம், மாவட்டமே பழைய மாவட்டம் இல்லையே. 1956-ல் கொள்ளேகாலம் மைசூருக்குப் போனது. 1979-ல் பெரியார் மாவட்டம், அதாவது இன்றைய ஈரோடு, பிரிந்தது. 2009-ல் திருப்பூர் பிரிந்தது; மாமாவின் முப்பது வருசத்துக்குள் வருவது இதுதான். உங்கள் கோபியே 1979 வரை கோவை மாவட்டம்தான். போதாததற்கு, 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மாமா கீழே வைத்த எண்ணும் 2011-ஐ வைத்துப் போட்ட மதிப்பீடாகத்தான் இருக்கும்.

இதெல்லாம்கூடச் சில்லறை. பெரிய விஷயம் வயது.

ஓர் ஊரில் ஆயிரம் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் என் கற்பனை, கூட்டிக் கழிக்க வசதியாகப் போட்டவை). அறுபது தாண்டியவர்கள் 50 பேர், மற்றவர்கள் 950. இளையவர்களில் ஆயிரத்துக்கு 6 பேரும் முதியவர்களில் ஆயிரத்துக்கு 60 பேரும் ஒரு வருசத்தில் இறக்கிறார்கள். கூட்டினால் ஊருக்கு 8.7. சில தலைமுறை கழிகிறது. வைத்தியம் வருகிறது, குழந்தைகள் குறைகின்றன, கிழவிகள் நீடித்து வாழ்கிறார்கள். இப்போது முதியவர்கள் 200, மற்றவர்கள் 800. இளையவர்களின் சாவு ஆயிரத்துக்கு 3 ஆகப் பாதியாகிவிட்டது, முதியவர்களின் சாவு 60-லிருந்து 40-க்கு இறங்கிவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 2.4-ம் 8-ம் சேர்ந்து 10.4! எந்த வயதுக்காரிக்கும் ஆபத்து கூடவில்லை. ஊரின் மொத்த எண் மட்டும் ஏறிவிட்டது. இந்தப் புதிய விகிதங்களைப் பழைய ஊரின் அதே 950, 50 பேர் மேல் போட்டால் 4.85தான் வரும். வயதைச் சமன் செய்து ஒப்பிடுவது என்பது இவ்வளவுதான். மாமா இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

கற்பனை ஊரில் நம்பிக்கை இல்லை என்றால் நிஜமானதையே பாருங்கள். 2020-ம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி (சில இடங்களை மாதிரியாக எடுத்துப் பிறப்பு இறப்பை அரசு கணக்கிடுவது), ஆண் பெண் சேர்த்து ஆயிரம் பேருக்குக் கேரளத்தில் 7.0 பேர் இறந்தார்கள், பீகாரில் 5.4. அதற்காகக் கேரளத்தை விட்டுப் பீகாருக்குக் குடிபோகிறவர் உண்டா? கேரளத்தில் கிழவர்கள் அதிகம், பீகாரில் குழந்தைகள் அதிகம். கொங்குப் பக்கம் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று நிறுத்தி வெகுநாளாயிற்று. நாமும் கேரளத்து வழியில்தான் போகிறோம்.

உங்கள் அம்மிச்சிக்கு வருகிறேன். என் அம்மிச்சியும் 90 தாண்டியவர்தான். காங்கயம் பக்கத்து ஊர். கூடப் பிறந்த பெண்கள் ஐந்து பேர். இரண்டு பேர் பல் விழும் வயதுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார்கள். ஒருத்தி நிறைமாதத்தில் வலி கண்டு, சவாரி வண்டியில் படுக்கவைத்துத் தாராபுரம் போகிற வழியிலேயே, பிள்ளை வயிற்றில் இருக்க இறந்தாள். மிஞ்சிய இரண்டு பேரைத்தான் நாங்கள் கண்ணால் பார்த்தோம், "அந்தக் காலத்துத் தேகம்" என்று மெச்சினோம். (களி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நேற்று ராத்திரிகூட ராகிக் களிதான்.)

இந்தியா முழுக்க எடுத்தால் 1970-75-ல் பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுள் பெண்ணுக்கு 49.0, ஆணுக்கு 50.5. வயசுக்கு வயசு ஒப்பிட்டால் பெண்ணுக்கு ஆயுள் கூடுதல் என்பது உலக வழக்கம். இங்கே தலைகீழாக இருந்தது. 2016-20-ல் பெண் 71.4, ஆண் 68.6. பிரசவச் சாவும் அப்படியே: தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்கு 2001-03-ல் 134 தாய்மார், 2018-20-ல் 54. இதை வகுப்பது பெண்களின் எண்ணிக்கையால் அல்ல, பிறப்புகளின் எண்ணிக்கையால் என்பதைக் கவனியுங்கள். எட்டுப் பெற்றவள் எட்டு முறை அந்தக் கண்டத்தைத் தாண்டினாள். இன்றைய பெண் ஒரு முறையோ இரண்டு முறையோ தாண்டுகிறாள். அதனால் அவளுக்கு ஆயுள் முழுதும் குறைந்திருக்கிற ஆபத்து, 134-க்கும் 54-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

மாமாவின் கணக்கில் ஏறவே முடியாத சாவுகளும் உண்டு. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் அங்கே தொடங்கியது சும்மா இல்லை. பிறந்ததே பதிவாகாத குழந்தைக்கு இறப்புப் பதிவு எங்கிருந்து வரும்? கருவிலேயே கலைத்தது இறப்பாகவும் ஏறாது. பழைய காலத்து இறப்பு எண் சிறியதாகத் தெரிந்தால், பதியாமல் விட்டது எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த வண்டியில் இறந்தவளுக்கு அவள் வீட்டார் சாலையோரம் ஒரு சுமைதாங்கி நட்டார்கள். நட்ட கல் இரண்டு, மேலே படுக்கைக் கல் ஒன்று. தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் பாரத்தை இறக்கி வைக்கலாம். சுமையோடு போனவளுக்கு நம் ஊர் வைத்த பதிவு அது. உங்கள் பக்கம் பழைய சாலைகளில் எத்தனை நிற்கின்றன என்று மாமாவை எண்ணச் சொல்லுங்கள். அவரிடம் வயதுவாரியான எண்கள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.