கரைக்கு வரும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். தங்கல் தொழிலுக்குப் போகிறவன். ஒரு தடவை போனால் திரும்ப 30, 40 நாள் ஆகும். மூத்த மகளுக்கு இரண்டரை வயது. அவள் பிறந்தபோது நான் கடலில் இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததே 26-ஆம் நாள்தான். இப்போதும் நான் வீட்டுக்குப் போனால் முதல் இரண்டு நாள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள், தூக்கப் போனால் அழுகிறாள். பழகி வருவதற்குள் நான் கிளம்ப வேண்டியதாகிறது. மனைவிக்கு இப்போது ஏழாம் மாதம். மே கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே பேசினால் பிள்ளைக்கு அப்பாவின் குரல் தெரியும் என்கிறார்களே, உண்மையா? இந்தப் பிள்ளைக்காவது நான் அந்நியனாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

குரல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் மாதவாக்கில் வயிற்றுப் பிள்ளைக்கு ஓசை கேட்கத் தொடங்கிவிடும். பிறந்த சில நாட்களிலேயே அது அம்மாவின் குரலைப் பிரித்தறிந்து, அதையே கேட்க விரும்புகிறது. 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிள்ளை சப்பும் விதத்தை வைத்தே இதைக் கண்டறிந்தார்கள். பிறகு டிகாஸ்பர் அப்பாக்களின் குரலையும் சோதித்தார். அந்தச் சோதனையில், புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளிடம் அப்படியொரு விருப்பம் தென்படவில்லை. அம்மாவின் குரல் அவள் உடம்பு வழியாகவே இரவும் பகலும் உள்ளே போகிறது. அப்பாவின் குரல் வெளியிலிருந்து எப்போதாவது போகிறது. உங்களை வருத்தப்படுத்த இதைச் சொல்லவில்லை. கடலில் இருந்ததால் நீங்கள் எதையும் தவறவிட்டுவிடவில்லை.

ஆனாலும் பேசுங்கள், உங்கள் மனைவிக்காக. 2017-இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு, காற்று கொஞ்சம் பலத்தாலே உங்கள் கரையில் பெண்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. சிக்னல் எல்லையைத் தாண்டிப் போட் போய்விட்டால் அப்புறம் காத்திருப்புதான். கிளம்பும் முன் 15 குரல் பதிவுகளைப் பேசி அவர் போனில் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டு நாளுக்கு ஒன்றாகக் கேட்கட்டும். மகளுக்கும் அவள் பெயர் சொல்லித் தனியாகப் பேசுங்கள்.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவள். அம்மா பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்கு, போனவர். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், பால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பத்து, பதினொன்று ஆகிவிடும். நான் கண் விழிக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்ததே இல்லை. வளர்த்தது ஆச்சிதான். ஆனால் அம்மா வந்ததும் கைகால் கழுவிவிட்டு, கஞ்சியைத் தொடும் முன், திண்ணையில் உட்கார்ந்து என்னை மடியில் இருத்திக்கொள்வார். “மக்ளே, இன்னைக்கு என்ன கண்டே?” என்பார். கோழி, எறும்பு, பக்கத்து வீட்டுச் சண்டை, நான் எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்பார். பிறகுதான் கஞ்சி. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலின் வீச்சம் பலருக்கு மூக்கைப் பொத்த வைக்கும். எனக்கு இன்றும் அந்த மடி நினைவுக்கு வரும். அம்மா என்னோடு இருந்த நேரம் குறைவு. ஆனால் வந்தால் முதலில் என்னிடம்தான் வருவார் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

உங்கள் மகள் ஒளிந்துகொள்வது உங்களை வெறுப்பதால் அல்ல. நம்பி ஒளிய அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கிருந்து உங்களைப் பார்க்கிறாள். ஓடிப்போய்த் தூக்காதீர்கள். முற்றத்தில் உட்கார்ந்து சிரட்டையில் மண்ணப்பம் சுடுங்கள். அவளே வருவாள். வந்ததும் கட்டிப்பிடிக்காமல் ஒரு சிரட்டையை நீட்டுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் இதே விளையாட்டாக இருக்கட்டும்.

பிள்ளை கூப்பிடுவதும் நாம் பதில் கொடுப்பதுமாகத்தான் இந்த உறவு வளர்கிறது. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவிடம், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருக்கச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் நாட்களில் போனைக் கொஞ்சம் எட்ட வையுங்கள் என்று சொல்ல இது போதும். ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பேறுகாலத்துக்குப் பிறகு சில அம்மாக்களின் முகம் அவர்களை அறியாமலே அப்படி உறைந்துபோகும். பிள்ளை தூங்கும்போதும் உங்கள் மனைவிக்குத் தூக்கம் வராமல், அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், “பச்சை உடம்பு, சரியாகிவிடும்” என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். அது நோய், மருத்துவம் உண்டு. கிராம சுகாதார நர்ஸிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம். நீங்கள் கடலில் இருக்கும்போது இதைக் கவனிக்க வேண்டியவர் யார் என்று மாமியாரிடமோ அக்காவிடமோ இப்போதே பேசி வையுங்கள்.

அப்புறம், நீங்கள் சொன்ன தேதி. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் ஏந்தினால் உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் துணி மாற்றுவது உங்கள் வேலையாகட்டும். குளிப்பாட்டுவதை ஆச்சிமார் விட்டுத்தர மாட்டார்கள், பக்கத்தில் நின்றாவது கற்றுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். மே கடைசியில் பிறந்தால் அந்தச் சிரிப்பு ஜூலையில் வரும், நீங்கள் கரையில் இருப்பீர்கள்.

மே 20-க்குள் திரும்பிவிடுகிற மாதிரி கடைசிப் பயணத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று போட்டுக்காரரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா