கையெழுத்துப் போடும் முன் ஒரு மாத ரோஸ்டர்

வணக்கம் அம்மா.

தம்பிக்குக் கிடைத்த வேலையில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும் என்று தெரிந்த நாளிலிருந்து மனசே சரியில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ஷிஃப்ட் வேலையில் இருபது வருடம் நன்றாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆறே மாதத்தில் உடம்பு கெட்டு வெளியே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் வித்தியாசம் ரோஸ்டரில்தான், அதாவது யாருக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட் என்று போடும் அட்டவணையில்தான் இருந்தது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாத ரோஸ்டரை மாதிரிக்குக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, சம்பளம் கேட்பது போலத்தான் இதுவும்.

வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ள இடைவெளியை. என் பழைய மாணவி ஒருத்தி நர்ஸாகச் சேர்ந்த நான்காம் மாதம் வந்து கைபேசியில் தன் ரோஸ்டரைக் காட்டினாள். செவ்வாய், மதியம் 2 முதல் இரவு 10. புதன், காலை 6. தாளில் 8 மணி நேர ஓய்வு. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பொறுப்பை ஒப்படைத்து வெளியே வர அரை மணி, வீடு சேர ஒரு மணி, குளித்துச் சாப்பிட ஒரு மணி, விடிவதற்கு முன் எழுந்து கிளம்பி மறுபடி போய்ச் சேர ஒன்றரை மணி. தூங்குவதற்கு மிஞ்சியது 4 மணி நேரம். அதுவும் படுத்ததும் கண் அசந்தால்தான். அந்த மாதத்தில் மட்டும் இப்படி 6 முறை. வீட்டில் அவளைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை, 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள். அது எதுவாக இருந்தாலும், ரோஸ்டரைப் படிக்கும்போது இந்த 11ஐ அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுழற்சி எந்தப் பக்கம் போகிறது என்பது. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கி நகர்ந்தால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். நம் உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தள்ளித் தூங்குவது அதற்குச் சுலபம், முன்கூட்டித் தூங்குவதுதான் கஷ்டம்.

இடைவேளை எத்தனை நிமிடம் என்பதோடு, அந்த நேரத்தில் இவன் இடத்தில் யார் நிற்பார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். மாற்று ஆள் இல்லாத இடைவேளை காகிதத்தோடு நின்றுவிடும்.

ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்டுக்கு வந்து இவனை விடுவிக்க வேண்டியவர், வராத நாளில் என்ன நடக்கும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. 'நீயே டபுள் பார்த்துடுப்பா' என்று அடுத்த ஷிஃப்டையும் இவன் தலையிலேயே கட்டுவது வழக்கமாக இருக்கும் இடம் என்றால் எனக்குப் பயம்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்ததை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அசதியில் இருப்பவனுக்குத் தான் தடுமாறுவது தெரியாது. அதனால்தான் நைட் முடிந்து தம்பி சொந்தமாக வண்டி ஓட்டி வர வேண்டாம் என்கிறேன். நிறுவன வண்டியோ பேருந்தோ இல்லையென்றால் பணியிடத்துக்குப் பக்கத்திலேயே அறை பாருங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நைட் பார்த்துவிட்டு வந்தவனுக்குப் பகல் 11 மணி என்பது நடுராத்திரி. சாப்பிட எழுப்பாதீர்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள், கைபேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர்களிடம் அவன் தூங்குகிறான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ரோஸ்டர் கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். இரவு 10 மணிக்கு முடிந்து காலை 6 மணிக்குத் தொடங்கும் நாட்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். பிறகு தம்பியையும் வைத்துக்கொண்டு பேசலாம்.