வகுத்தல் தெரிந்தால் போதும்

கேள்வி: வயது 31. ஏழு வருடமாக வக்கீல்; பெரும்பாலும் வங்கிக் கடன் ஒப்பந்தங்கள். டெரிவேட்டிவ்ஸ் (வேறொரு பொருளின் விலையையோ வட்டியையோ பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் அமலாக்கப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு. எனக்குக் கணக்கு வேறு வராது. 'ஃபைலோடு ஃபைலாகக் கிடப்பாய்' என்கிறார் சீனியர். போகலாமா?

பதில்: போங்கள். ஃபைலோடு கிடக்கத்தான் போகிறீர்கள், அதில் சீனியர் சொன்னது சரி. ஆனால் அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

மைக்கேல் கோசியா என்ற டிரேடரின் வழக்கை எடுத்துப் படியுங்கள். 2011-ல் அமெரிக்க ஃபியூச்சர்ஸ் சந்தையில், அதாவது பின்னால் வாங்க விற்க இன்றே விலை பேசும் சந்தையில், இவருடைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒரு பக்கம் சின்ன ஆர்டர் போடும், எதிர்ப்பக்கம் பெரிய ஆர்டர்களாகக் குவிக்கும். பெரியதைப் பார்த்து மற்றவர்கள் விலையை நகர்த்துவார்கள். சின்னது நிறைவேறியதும் பெரியதெல்லாம் ரத்து. எல்லாம் கண் இமைப்பதற்குள். ஆர்டரை ரத்து செய்வது குற்றமில்லை. எல்லா டிரேடரும் செய்வதுதான். ரத்து செய்யும் எண்ணத்தோடே ஆர்டர் போடுவதைத்தான் 2010-ல் வந்த டாட்-ஃபிராங்க் என்ற அமெரிக்க நிதிச் சட்டம் தடுத்தது. ஸ்பூஃபிங் என்பார்கள்.

எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? சிகாகோ எக்ஸ்சேஞ்சில் அவர் போட்ட சின்ன ஆர்டர்களில் 35 சதவீதத்துக்கு மேல் நிறைவேறியிருந்தன. பெரியவற்றில் 0.08 சதவீதம். போதாததற்கு, புரோகிராம் எழுதிக் கொடுத்தவரே கூண்டேறி, அது 'டிகாய்' மாதிரி, அதாவது வேட்டையில் வைக்கும் போலிப் பறவை மாதிரி, இயங்க வேண்டும் என்று கோசியா கேட்டதாகச் சொல்லிவிட்டார். ஒழுங்குமுறை அமைப்பான சிஎஃப்டிசி 2013-லேயே 14 லட்சம் டாலர் அபராதம் போட்டு, அதே அளவு லாபத்தையும் பிடுங்கியிருந்தது. சிறை, குற்றவியல் வழக்கில்: 2015-ல் தீர்ப்பு, 2016-ல் மூன்று வருடம்.

35, 0.08 என்ற அந்த இரண்டு விகிதங்களையும் கண்டுபிடிக்க என்ன கணக்கு வேண்டும்? வகுத்தல். ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலை சூத்திரமெல்லாம் பொருளாதார நிபுணர்கள் பாடு. விலை ஒரு ரூபாய் ஏறினால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சாட்சியைக் கேட்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். கடன் ஒப்பந்தத்தோடு ஒட்டி வரும் வட்டி ஸ்வாப்பை, அதாவது நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தத்தை, புரட்டியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை.

எனக்குக் கவலை வேறு. இந்த வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். பல, கோர்ட்டுக்குப் போகாமலே சமரசத்தில் முடியும். குறுக்கு விசாரணை ஆசையில் போகிறீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். லட்சக்கணக்கான வரிகள் உள்ள ஆர்டர் பதிவில் ஒரு வரி உறுத்துகிறதே என்று இரவு எட்டு மணிக்கும் உட்காரத் தோன்றுமா? அதை யோசியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் இரண்டு கேட்டுவிடுங்கள். சாட்சிகளை விசாரிக்க முதல் வருடமே உங்களை விடுவார்களா? விலகினால் எத்தனை காலம், எந்தெந்த விவகாரங்களில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது? இரண்டாவதற்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.