பாதிக் கடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்துக்காரன். கடந்த பிப்ரவரியில் நண்பர்கள் இருவருடன் கொச்சியிலிருந்து செஷல்ஸ் தீவுகள் வரை 36 அடிப் பாய்மரப் படகில் போனேன். இருபது நாளில் எட்டிவிடுவோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்றே இல்லாமல் நின்றதில் ஒன்பது நாள் கூடிப்போயிற்று. அந்த ஒன்பது நாளின் கடல் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் தரை ஆடுகிறது. பைக்கில் போனால் ஆடுவதில்லை. இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழிப்பு வந்து மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. அப்பாவின் லுங்கிக் கடையில் (நான் வந்து பார்த்தபோது அதில் பாதியைச் செல்போன் பழுது பார்ப்பவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்) உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. கடலைப் பற்றிக் கேட்க இங்கே யாருக்கும் பொறுமையில்லை. எல்லாரும் சின்ன வாழ்க்கை வாழ்கிறார்கள். பிரெஞ்சு மாலுமி மொய்த்தெசியே ஏன் கரைக்குத் திரும்பவில்லை என்று இப்போது புரிகிறது. அவ்வளவு அடிபட்ட நம் கடற்படைக்காரர் அபிலாஷ் டோமியும் மறுபடி கடலுக்குத்தானே போனார்?

நான் மீண்டும் போவதா, கடையைப் பார்ப்பதா? புத்தகமாக எழுதினால் இந்தத் தவிப்பு அடங்குமா? கடற்பயணம் பற்றி நான் படிக்க வேண்டிய நூல்கள் எவை?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அலைகளைப் பற்றிய பத்திகள் முழுவதையும் எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது அலைகளுக்கு நடுவே மூழ்கிவிடக் கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தரை ஆடுவதை முதலில் முடித்துவிடலாம். படகிலிருந்து இறங்கியவர்களுக்கு ஓரிரு நாள் அப்படி இருப்பது சாதாரணம். ஆட்டத்துக்குப் பழகிய மூளை, ஆட்டம் நின்ற பிறகும் அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டிருக்கும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீளும். சும்மா நின்றால் ஆடுவதும் வண்டியில் போனால் அடங்குவதும் அந்தக் கோளாறின் குணம். அதைப் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கிறார், நரம்பியல் மருத்துவர் இருக்கிறார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள் ஜனங்கள். அவர்களுக்காக வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்திலேயே பலகை தொங்குகிறது. நீங்கள் குடியாத்தத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அதை விட்டுவிட்டுக் கதை எழுதுகிறவனுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். நாளைக் காலையில் போய்ச் சீட்டுப் போடுங்கள்.

தூக்கமும் அப்படித்தான். மூன்று பேர் முறைவைத்துக் காவலிருந்த உடம்பு மணிக்கணக்கை மறக்கக் கொஞ்ச காலம் ஆகும். மறந்துவிடும்.

நூல்கள் பற்றி: பட்டியல் தரமாட்டேன். படித்தவரைக்கும் போதும். படித்த விதத்தில்தான் கோளாறு என்று தோன்றுகிறது. மொய்த்தெசியே என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! 1968-இல் தொடங்கிய, தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் போட்டியில் அவர் தென்னமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைத் தாண்டிவிட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தால் பரிசு அவருக்கே கிடைத்திருக்கலாம். திரும்பாமல் இன்னொரு முறை நன்னம்பிக்கை முனைப் பக்கம் படகை விட்டு, வழியில் கண்ட கப்பலின் மேல்தளத்துக்குக் கவண் வைத்துச் சேதியை எறிந்தார். கடலில் மகிழ்ச்சியாக இருக்கிறேன், ஒருவேளை என் ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ளவும் போகிறேன் என்பது சேதி. உங்களைப் போன்றவர்களுக்கு அது வேதவாக்கு. அது யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? போட்டியை நடத்திய லண்டன் பத்திரிகைக்கு. அவருடைய மனைவி பிரான்சுவாஸ் ஐரோப்பாவில் காத்துக்கொண்டிருந்தார். ஆன்மாவைக் காப்பாற்றப் போனவர் தாஹித்தி போய்ச் சேர்ந்தார். அதைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை.

உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கமை எல்லாருக்கும் தெரியும். 1895-இல் பாஸ்டனில் புறப்பட்டு 1898-இல் முடித்தார். அதற்கு முன்பே அவருடைய கப்பல் பிரேசில் கரையில் உடைந்தபோது, மனைவி ஹென்ரியட்டாவும் பிள்ளைகள் இருவரும் கூட இருந்தார்கள். அங்கேயே ஒரு சிறு படகைக் கட்டி, 1888-இல் நான்கு பேரும் அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். அந்தப் படகுக்குப் பாய்களைத் தைத்தவர் ஹென்ரியட்டா. துணி வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இது பிடிபட வேண்டும்: தையல் பிரிந்திருந்தால் நான்கு உயிர் போயிருக்கும். ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்த அம்மாள் கணவரோடு கடலுக்குப் போகவில்லை. ஸ்லோக்கம் பிற்காலத்தில் ஒரு தீவில் பண்ணை வாங்கி, அதிலும் கால் தரிக்காமல் பழைய படகிலேயே போனவர், ஒரு பயணத்தில் திரும்பவே இல்லை.

அபிலாஷ் டோமி விஷயத்தில் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 'மறுபடி போகத்தானே செய்தார்' என்பது அவ்வளவு லேசான வாக்கியமா? 2018 செப்டம்பரில், அதே மாதிரி உலகைச் சுற்றும் போட்டியில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அவருடைய பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பு நொறுங்கி, பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்கும்வரை படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். முதுகில் டைட்டானியக் கம்பி வைத்து, நடக்கப் பழகி, 2022-இல் அதே போட்டியில் மறுபடி புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். நடுவில் இருக்கும் நான்கு ஆண்டுகளை நீங்கள் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். அந்த நான்கும் பெரும்பாலும் கரையில் கழிந்தவை.

எங்கள் பக்கம் திரும்பி வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் என் ஊரும். என் சித்தப்பா ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தார். பெயரையும் நம்பரையும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஓய்வுபெற்று வந்து இறங்கியபோது திண்ணை கொள்ளாத கூட்டம். லடாக் பனியைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் சித்திரை மாதத்திலும் எங்களுக்குக் குளிரெடுக்கும். ஆறு மாதம் போயிற்று, கேட்க ஆள் குறைந்தது. "இந்த ஊரில் மனுஷனே இல்லை" என்று சித்தப்பா சொல்ல ஆரம்பித்தார். உங்கள் கடிதத்தில் 'சின்ன வாழ்க்கை' என்று படித்ததும் அந்தக் குரல்தான் கேட்டது.

அவர் பனியில் இருந்த காலத்தில் சித்தி என்ன செய்துகொண்டிருந்தாள்? எங்கள் கிணறு பங்காளிகளோடு பொது. முறைவைத்துத்தான் தண்ணீர். மும்முனை மின்சாரம் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். நம் முறை நாளில் அதைத் தவறவிட்டால் மல்லாட்டைச் செடி அடுத்த முறைவரை காய வேண்டியதுதான். சித்தி பாதித் தூக்கத்தில் எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டர் பலகையைப் பார்ப்பாள். மூன்று விளக்கும் எரிந்தால்தான் மோட்டாரைப் போடலாம். இரண்டு எரியும்போது போட்டால் காயில் கருகிவிடும். இரண்டு எரிகிற இரவில் திரும்பி வந்து படுக்கமாட்டாள். மூன்றாவது எரியும்வரை அங்கேயே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். பிறகு டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாத்தி பாத்தியாக மடை திருப்பிவிட்டு, விடிகிற நேரத்தில் பால் கறக்க வருவாள். நீங்கள் மூன்று மணிக்கொருமுறை காவல் இருந்தது கடல். இது கழனி. அவளை யாரும் மேடையேற்றிப் பேசச் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்குக் கடிதம் எழுத எங்களைத்தான் கூப்பிடுவாள். முகவரி 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண்ணில் முடியும். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: இவ்விடம் அனைவரும் நலம். கிணறு அடிமண் தெரிய வற்றிய வருஷத்திலும் அதே வரிதான். "கிணற்றைப் பற்றி எழுதட்டுமா சித்தி?" என்று கேட்டால், "அங்கே உட்கார்ந்து அவர் தூர் வாரப்போகிறாரா, எழுதாதே" என்பாள்.

எழுத்துத் தெரியாது. கணக்கெல்லாம் குதிர் வைத்த அறைச் சுவரில் கரிக்கோடு. சொசைட்டிக்கு ஊற்றிய பால் குட்டைக் கோடு, முறைத்தண்ணீர் வாங்கிய நாள் நெட்டைக் கோடு, கைமாற்றாக அளந்த நெல்லுக்கு ஒரு வளையம். சித்தப்பா வந்த முதல் பொங்கலுக்கு, பட்டாளத்துச் சுத்தத்தோடு வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். குதிர் அறையையும் விடவில்லை. இரண்டு கை அடித்தார். சித்தி மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்துவிட்டு உள்ளே வந்தவள், ஈரச் சுவரைப் பார்த்து, "அடிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்றாள். "வெறும் கரிதானே" என்றார் அவர். அந்த வருஷம் பங்காளி ஒருவர் இரண்டு மூட்டை நெல்லை வாங்கவே இல்லை என்று சாதித்துவிட்டார். காட்டுவதற்குச் சுவர் இல்லை. அதன் பிறகு லடாக் ஆரம்பித்தால் சித்தி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். சித்தப்பா அதையும் பொறுமையின்மை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் அடைப்புக்குறி. பாதிக் கடையை வாடகைக்கு விட்டிருந்தார் என்கிறீர்கள். எப்போது விட்டார்? ஏன் விட்டார்? முன்பணம் வாங்கினாரா, அது எதற்குப் போயிற்று? படகுச் செலவில் உங்கள் பங்கை யார் கொடுத்தது, செஷல்ஸிலிருந்து திரும்பி வர விமான டிக்கெட் யார் எடுத்தது? கடிதத்தில் பாயின் அளவு இருக்கிறது, காற்றின் திசை இருக்கிறது, ஒரு நாளைக்கு ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதுகூட இருக்கிறது. இந்தக் கணக்கு மட்டும் இல்லை. தலைமுறையாக லுங்கி விற்ற கடையில் ஒரு மனிதர் நடுவே தடுப்புப் பலகை வைத்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு தினமும் உள்ளே போய் உட்கார்கிறீர்கள். மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

அந்த ஒன்பது நாள் இருக்கிறதே, நீங்கள் நிறம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது நாள். இருபது நாள் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளையிடமிருந்து தகவல் இல்லை. இருபத்தோராம் நாள் உங்கள் அப்பா யாருக்குப் போன் போட்டார்? இருபத்தைந்தாம் நாள்? கடலில் காணாமல் போனவர்களைத் தேட இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. அது உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமா, சொல்லிவிட்டுப் போனீர்களா? மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளை நீங்கள் இரவில் நீக்கும் சத்தத்துக்கு அம்மா விழிக்காமல் இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அந்த ஒன்பது நாளுக்கும் பாதிக் கடைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை, என் கோபம் அதுதான். யாரும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை என்று கடிதம் முழுக்கச் சொல்கிறீர்களே, தம்பி, நீங்கள் யாரையாவது எதையாவது கேட்டீர்களா?

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. காற்றில்லாத கடலில் சண்டை போட்டுக்கொள்ளாமல் மூன்று பேர் ஒன்பது நாள் இருந்தீர்கள் என்பதைப் படித்தபோது உங்கள் மேல் மதிப்பு வந்தது. அது லேசான காரியமில்லை. அப்படிப்பட்ட ஆளிடம்தான் இதையெல்லாம் கேட்க முடியும்.

மீண்டும் போவதா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள், யார் வேண்டாம் என்றது? ஜனவரியில் வடகிழக்குக் காற்று இருக்கும். அதற்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இந்தத் தடவை எந்தத் தேதி தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும், படகின் பெயர், நிறம், கூட வருகிறவர்களின் வீட்டு எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் கல்லாவுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போங்கள். செல்போன் பழுது பார்க்கிறவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

புத்தகம் எழுதுவதானால் தாராளமாக எழுதுங்கள். தவிப்பு அடங்குமா என்று எனக்குத் தெரியாது, எனக்கு அடங்கியதில்லை. முன்னுரைக்கு மட்டும் என்னிடம் அனுப்பாதீர்கள். போன வருஷம் வந்த கட்டுகளே மேஜைக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கின்றன.

அன்புடன்.